உதவி நிதியில் வரும் சான்றுப் பெட்டி: திருகோணமலை வெயிலையும் வாடையையும் எவ்வளவு தாங்கும்?

மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சியை ஈரம் காயாமல் பிளாஸ்ரிக் குழாய்க்குள் போட்டு மூடினால் சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையும் பற்றீரியாவும் டி.என்.ஏ.யைச் சிதைத்த பிறகு, பத்தரமுல்லையிலுள்ள அரச ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு விலையான இயந்திரம் காத்திருந்தாலும் வேலை இல்லை. தடயவியலுக்கு உதவி நிதி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், கொழும்பில் இறங்கிய இயந்திரத்தை நாங்கள் பிறகுதான் பார்ப்போம். மூதூரிலோ புல்மோட்டையிலோ இரவு பதினொரு மணிக்கு ஒருவர் திறக்கும் அட்டைப் பெட்டிதான் முதலில் பார்க்க வேண்டியது.

உதவி பெரும்பாலும் மூன்று உருப்படியாக வருகிறது: பாலியல் வன்முறை போன்ற சம்பவங்களில் சான்று சேகரிக்கும் பெட்டி, இரண்டு மூன்று நாள் பயிற்சி, ஆய்வுக்கூட இயந்திரம். திருகோணமலை மாவட்டத்தில் இவை எப்படிப் பயன்படும் என்பதே இந்த மதிப்பீடு. கொடுத்தவர் யார் என்பதை விட்டுவிடுகிறோம். பெட்டிகள் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடுவதில்லை, குறைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வெருகலில் நடந்த சம்பவத்தின் மாதிரி முதலில் வைத்தியசாலைக்கு, பிறகு பொலிஸ் நிலையத்துக்கு, நீதிமன்றக் கட்டளையோடு அங்கிருந்து அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகிறது. திருகோணமலையிலிருந்து கொழும்பு மட்டும் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இடையில் வார இறுதி வரும், போயா வரும், வாகனம் கிடைக்காத நாளும் வரும். அதுவரைக்கும் மாதிரி கெடாமல் இருக்க வேண்டும்.

பெட்டி

நல்லதை முதலில் சொல்வோம். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதே பெரிய உதவி. பெட்டி இல்லாத வாட்டில் பஞ்சுக்குச்சி ஒரு அலுமாரியில் இருக்கும், கடித உறை லிகிதரின் மேசையில் இருக்கும், சீப்பு எங்குமே இராது. அவற்றைத் தேடி எடுக்கும் வரை பாதிக்கப்பட்ட பெண் கதிரையில் காத்திருக்க வேண்டும். உறைகளுக்கு எடுக்கும் வரிசைப்படி இலக்கமிட்டிருந்தால், அதிகம் பழக்கமில்லாத வைத்தியரும் எதையும் விடாமல் செய்து முடிக்கலாம்.

அந்த வரிசையில்தான் பல பெட்டிகள் தவறுகின்றன. வாய் மாதிரி கடைசி உறையில் இருக்கிறது. அதுதான் முதலில் வர வேண்டும். வாயில் விந்தணு மிக விரைவில் அழிந்துவிடும். அதை முதலில் எடுத்துவிட்டால் அந்தப் பெண் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கலாம். மணிக்கணக்காகத் தொண்டை வறண்டு இருப்பவருக்கு அது சின்ன விடயம் இல்லை.

கால எல்லையும் பல பெட்டிகளின் அறிவுறுத்தல் தாளில் 72 மணி நேரம் என்று மட்டுமே இருக்கிறது. பிரித்தானியச் சட்ட மருத்துவ வழிகாட்டல், யோனி மாதிரியை 7 நாள் வரை எடுக்கச் சொல்கிறது. வாய்க்கு 2 நாள், குதத்துக்கு 3 நாள். 72 மணி நேரம் கண்டிப்பாகப் பொருந்துவது எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்குத்தான். அதை மாதிரிக்காகவோ பொலிஸ் படிவத்துக்காகவோ காத்திராமல் உடனே தொடங்க வேண்டும். நான்காம் நாள் வந்தவரை ஒன்றும் எடுக்காமல் திருப்பி அனுப்புவதற்கு இந்தத் தாளே சாட்டாகிவிடுகிறது.

பஞ்சுக்குச்சிகளின் தரம் பொதுவாக நல்லது. தோலில் கடித்த அல்லது நக்கிய இடத்துக்கு இரட்டைக் குச்சி முறைதான் சரி: முதல் குச்சியில் ஒன்றிரண்டு துளி கிருமி நீக்கிய நீர், வட்டமாக உருட்டித் துடைத்தல், அதே இடத்தில் அடுத்து உலர்ந்த குச்சி. இரண்டையும் தனித்தனியே குறியிட்டு வைக்க வேண்டும். அதே நீரில் நனைத்த வெற்றுக் குச்சி ஒன்றும் கூடவே போக வேண்டும். நீரிலும் குச்சியிலும் வேறொருவரின் டி.என்.ஏ. இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். பல பெட்டிகளில் இந்த வெற்றுக் குச்சிக்கென உறை இல்லை, அதனால் யாரும் எடுப்பதும் இல்லை. குழாய் வாங்கும்போது காற்றுத் துளை உள்ளதை, அல்லது அடியில் ஈரம் உறிஞ்சும் மாத்திரை உள்ளதைத்தான் கேட்க வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றுக் காலத்தில் இங்கே குச்சி காய நேரம் எடுக்கும். வறண்ட நாட்டில் எழுதிய அறிவுறுத்தலில் உள்ள நிமிடக் கணக்கை நம்பி மூடக்கூடாது.

காகிதப் பையில்தான் எங்களுக்குப் பெரிய மனக்குறை. ஒரு பெட்டிக்கு இரண்டு பை. கிண்ணியாவில் ஒரு பெண் அணிந்து வரும் உடையை எண்ணிப் பாருங்கள்: அபாயா, தலைத்துணி, உள்ளே சட்டை, பாவாடை, உள்ளாடைகள். அதோடு கட்டில் விரிப்பு, நின்று உடை களைய விரித்த தாள். ஏழெட்டுப் பை வேண்டும். பை போதாவிட்டால் இரண்டு உடையை ஒன்றாகப் போடுகிறார்கள், அல்லது சீலைக்கடைப் பொலித்தீன் பையைத் தேடுகிறார்கள். ஒன்றாகப் போட்டால் ஒரு துணியின் கறை மற்றதில் படும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கும். பொலித்தீனுக்குள் ஈரத்துணி புழுங்கிவிடும். இதற்கு வெளிநாட்டு நிதி தேவையே இல்லை. புதிய பிரவுண் தாள் ஒரு சுருளும் கத்தரிக்கோலும் வாட்டில் இருந்தால் போதும். பழைய பத்திரிகைத் தாள் மட்டும் வேண்டாம்.

பொலித்தீன் எங்கும் கூடாது என்றும் இல்லை. தீவைப்புச் சம்பவத்தில் எடுத்த சாம்பலும் துணியும் காற்றுப்புகாத தகர டின்னில், அல்லது அதற்கான நைலோன் பையில் போக வேண்டும். காகிதத்தில் போட்டால் பெற்றோல் ஆவி போய்விடும், சாதாரண பொலித்தீன் ஊடாகவும் மெல்லக் கசியும். பொதுப் பெட்டி எதிலும் இந்த டின்னை நாங்கள் கண்டதில்லை.

உடை உலர்த்தும் இடம் பற்றிப் பெட்டியோடு வரும் தாள் ஒன்றும் சொல்வதில்லை. வெயிலில் காயப்போடக்கூடாது, புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.யை உடைக்கும். முடி உலர்த்தியும் வேண்டாம். மூடிய அறை, கீழே சுத்தமான தாள், துணியில் நேரே படாத காற்று. பாதிக்கப்பட்டவரின் உடையும் சந்தேகநபரின் உடையும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. ஆடி, ஆவணிக் கச்சான் காற்றில் துணி கெதியில் காய்ந்துவிடும், ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் புழுதியும் மணலும் படியும். பூட்டு வைத்த உலர்த்தும் அலுமாரி ஒன்றை அலுமினியச் சட்டமும் கண்ணாடிக் கதவும் போட்டு, மேலே சிறிய வெளியேற்று விசிறி வைத்து ஊரிலேயே செய்விக்கலாம். மரத்தில் செய்தால் கழுவித் துப்புரவாக்க முடியாது. ஒவ்வொரு வழக்குக்கும் இடையில் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைக்க வேண்டும். கரைசலை அன்றன்று கலக்க வேண்டும், நேற்றையது வலுவிழந்திருக்கும்.

இரத்த ரியூபில் நடக்கும் பிழை கண்ணுக்கே தெரியாது. பெட்டியில் சாம்பல் நிற மூடி ரியூப் இருக்கிறது. வாட்டில் சீனி பார்க்கும் ரியூபுக்கும் அதே சாம்பல் மூடி. இரண்டும் ஒன்றல்ல. மதுசாரப் பரிசோதனைக்கான 10 மில்லிலீற்றர் ரியூபில் 100 மில்லிகிராம் சோடியம் புளோரைட் இருக்கும். மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். சீனி ரியூபில் அதன் நாலில் ஒரு பங்குதான் இருக்கும். புளோரைட் குறைந்தால் இரத்தத்திலுள்ள கிருமிகளும் ஈஸ்டும் சீனியை நொதிக்க வைத்து மதுசாரம் உண்டாக்கக்கூடும். அப்போது சட்ட எல்லையான 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் தாண்டியது குடித்ததாலா, வெயிலில் நின்ற பொலிஸ் ஜீப்பில் ரியூப் கிடந்ததாலா என்ற சந்தேகம் எழும். இரத்தம் எடுக்கும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக்கூடாது. நிரப்பியதும் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, 4 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உணவு பிரிஜ்ஜில் அல்ல. களஞ்சியத்தில் பெட்டி சூட்டில் அடுக்கிக் கிடந்தால் ரியூபின் வெற்றிடம் குறைந்து இரத்தம் பாதியில் நின்றுவிடும். காலாவதித் திகதியும் ரியூப்களுக்கே பெரும்பாலும் முதலில் வரும். பெட்டியின் வெளியே இருக்கும் திகதியைப் பார்த்துவிட்டு விடாமல் உள்ளே ரியூபின் மேல் இருப்பதையும் வாசிக்க வேண்டும்.

பிரேத பரிசோதனை மாதிரிக்கும் ஒரு வார்த்தை. நஞ்சு பார்க்க எடுக்கும் ஈரல், இரைப்பை உள்ளடக்கம் எதிலும் உடற்பாகங்களைப் பதப்படுத்தும் திரவமான போமலின் படக்கூடாது. இரத்தத்தைத் தொடை நாளத்திலிருந்தே எடுக்க வேண்டும். இறந்த பிறகு பல மருந்துகள் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் இதய இரத்தத்துக்குள் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும்.

சீல் ரேப்புக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. மாரியில் காகிதம் ஈரம் குடித்தால் ஒட்டாது. கோடையில் பசை இளகி ஓரம் கிளம்பும். ஓரம் கிளம்பிய பொதியை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. ரேப் ஒட்டி, பாதி ரேப்பிலும் பாதி உறையிலும் விழும்படி கையொப்பமும் திகதியும் இட்டு, மேலே அரக்கு முத்திரையும் வைத்தால் இரண்டு காலநிலைக்கும் தாங்கும். உறையை நாக்கால் நனைத்து ஒட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டியவரின் டி.என்.ஏ. உறையிலேயே இருக்கும்.

பயிற்சி

மண்டபத்தில் நாற்பது பேர், ஆங்கிலத்தில் திரைக்காட்சி, மூன்றாம் நாள் சான்றிதழ். இந்த வகைப் பயிற்சிக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்துக்குப் பிரவுண் தாள் வாங்கலாம். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் சொல்லத்தான் வேண்டும். திருகோணமலையில் ஒரு வகுப்பில் தமிழ் பேசும் தாதியும் சிங்களம் பேசும் கான்ஸ்டபிளும் அடுத்தடுத்து இருப்பார்கள். பொதி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதும் கைமாறல் படிவத்தை இருவருக்கும் ஆங்கிலத்தில் கொடுத்தால் இருவரும் வேறு வேறு விதமாக நிரப்புவார்கள். மும்மொழிப் படிவம் ஒன்றை ஒரு தடவை சரியாகச் செய்தால் ஆண்டுக்கணக்காகப் பயன்படும்.

பயன் தரும் பயிற்சி வேறு விதமாக இருக்கும். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் துணியில் ஆட்டு இரத்தக் கறை வைத்து, படம் பிடித்து, குச்சியால் எடுத்து, உலர்த்தி, பொதி கட்டி, சீல் வைக்க வேண்டும். படத்துக்கு மூன்று தூரம்: அறை முழுவதும், பொருளும் அருகிலுள்ளதும், பொருள் மட்டும். கடைசியை அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலோடு ஒன்று எடுக்க வேண்டும். கமரா பொருளுக்கு நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிந்தால் காயத்தின் நீளம் பிழைக்கும். பொதிகளை ஒரு வாரம் சாதாரண அறையில் வைத்து, பிறகு ஆய்வுக்கூடப் பகுப்பாய்வாளர் அவர்கள் முன்னாலேயே திறக்க வேண்டும். தான் மூடிய உறைக்குள் பச்சையாய்ப் பூத்திருக்கும் துணியைப் பார்த்தவர் அதன் பிறகு ஈரத்தோடு மூட மாட்டார். அரை நாள் போலி நீதிமன்றமும் வைத்து, “இந்தப் பொதி வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை யாரிடம் இருந்தது?” என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பதில் கைமாறல் பதிவில் இல்லாவிட்டால் வாயால் சொல்லித் தப்ப முடியாது என்பது அங்கேதான் உறைக்கும்.

யாரைப் பயிற்றுவது என்பதில் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. வைத்தியர்களும் பொலிஸ் பொறுப்பதிகாரிகளும் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார்கள். பயிற்சியும் அவர்களோடு போய்விடும். ஊரிலேயே நிலைத்திருப்பவர்கள் பிணவறை ஊழியர், வெளிநோயாளர் பிரிவுத் தாதி, நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் அறையைப் பார்க்கும் ஊழியர். இவர்களை அழைப்பதே இல்லை. பிணவறை ஊழியர் ஒருவர் பத்துப் பதினைந்து வருடம் ஒரே இடத்தில் வேலை செய்வார். எந்தப் போத்தல் எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும். அவரை முன்வரிசையில் இருத்தாத பயிற்சியைப் பாதிப் பயிற்சி என்றே கணக்கிட வேண்டும்.

ஒரு வருடம் கழித்துப் பார்க்க வேண்டிய அளவுகோல் எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்பது அல்ல. பகுப்பாய்வுக்குப் போன பொதிகளில் எத்தனை ‘சீல் பழுது’, ‘மாதிரி அழுகல்’, ‘குறிச்சீட்டு இல்லை’ என்று குறிக்கப்பட்டன என்ற எண்ணிக்கை ஒவ்வொரு காலாண்டும் அனுப்பிய நிலையத்துக்கே திரும்பி வர வேண்டும்.

இயந்திரம்

கைச்சாத்துப் படமும் ரிப்பன் வெட்டும் இதற்குத்தான். போதைப்பொருளையும் நஞ்சையும் பிரித்தறியும் வாயு நிறச்சாரல் பகுப்பி, டி.என்.ஏ. பார்க்கும் மரபணுப் பகுப்பி எல்லாம் நல்ல கருவிகள். அவற்றில் குறை இல்லை. குறை கணக்கில். மரபணுப் பகுப்பியின் நுண்குழாய்த் தொகுதி குறிப்பிட்ட தடவைகள் ஓடியதும் மாற்ற வேண்டும், அதற்குள் போடும் பொலிமருக்கும் இரசாயனத் தொகுதிக்கும் காலாவதி உண்டு. நிறச்சாரல் பகுப்பிக்கு ஹீலியம் வேண்டும், ஒப்பீட்டு நியமங்கள், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் தூய்மை தெரிந்த பொருட்கள், வேண்டும். முதல் வருடம் நன்கொடையோடு வந்த பொருட்களில் ஓடும். பிறகு யார் வாங்குவது? 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் நாட்டுக்கு மருந்தே வராமல் திணறியதை எல்லோரும் அறிவோம்.

இது இங்கே யாரைத் தொடுகிறது என்று கேட்டால், விளக்கமறியலில் இருப்பவரைத் தொடுகிறது. ஹெரோயின் 2 கிராம், ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமைன் 5 கிராம் என்பவை மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்கான எல்லைகள். பிடிபட்ட தூளின் எடை போதாது. அதில் தூய பொருள் எவ்வளவு என்று பகுப்பாய்வு அறிக்கை சொல்ல வேண்டும். ஒப்பீட்டு நியமம் முடிந்துவிட்டால் இயந்திரம் இருந்தும் அறிக்கை வராது, திருகோணமலைச் சிறையில் ஒருவர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

நிதி கொடுக்கும் முறைக்கு ஒரு முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. செனற்றர் போல் கவர்டெல் பெயரில் மாநிலங்களுக்கு வழங்கும் தடயவியல் மேம்பாட்டு மானியத்துக்கு விண்ணப்பிப்பவர், அங்கீகரிக்கப்பட்ட நடைமுறைகளைப் பின்பற்றுவதாகவும், பெரிய கவனக்குறைவோ முறைகேடோ நடந்தால் அதை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு சுயாதீன அமைப்பு இருப்பதாகவும் எழுதி உறுதி கொடுக்க வேண்டும். பணத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. இங்கே வரும் திட்டங்களிலும் அப்படி ஒரு நிபந்தனை வேண்டும்: ஆய்வுக்கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 நோக்கிய திகதியிட்ட திட்டம், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம், இரசாயனச் செலவு யாருடைய வரவு செலவில் என்ற ஒரு வரி.

திருகோணமலையிலேயே டி.என்.ஏ. ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற கோரிக்கையை நாங்கள் இப்போதைக்கு ஆதரிக்கவில்லை. அதே பணத்தில் உலர்த்தும் அலுமாரி, மைனஸ் 20 பாகை உறைபெட்டி, தானாக இயங்கும் மின்பிறப்பாக்கி, தினமும் இரண்டு தடவை வெப்பநிலை எழுதும் புத்தகம், வாரம் ஒருமுறை பத்தரமுல்லைக்குப் போகும் குளிரூட்டிய வாகனம் எல்லாம் கிடைக்கும். அவை இல்லாமல் இயந்திரம் வந்தால் அதற்குள் போடக் கெட்ட மாதிரிதான் இருக்கும்.

எந்தத் திட்டத்திலும் நாங்கள் காணாத ஒரு செலவு இருக்கிறது. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் பெயர் தெரியாமலே பலர் புதைக்கப்பட்டார்கள். 2025 ஜூலையில் சம்பூர்க் கரையோரம் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன, விடயம் மூதூர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. எலும்பை அகழ்வதற்குப் பயிற்சி தருகிறார்கள். கட்டம் பிரிப்பது, கரண்டியால் எடுப்பது, மண்ணைச் சல்லடையில் அரிப்பது எல்லாம் கற்பிக்கிறார்கள். தொடை எலும்பின் நடுப்பகுதியிலிருந்தோ சிதையாத கடைவாய்ப் பல்லிலிருந்தோ டி.என்.ஏ. கிடைத்தாலும், ஒப்பிட உறவினர் மாதிரி இல்லாவிட்டால் அது வெறும் இலக்கம். தாய், தந்தை, பிள்ளை மாதிரிதான் வலுவானது; சகோதரர் மாதிரியில் உறுதி குறைவு. காணாமற்போன மகனின் எலும்போடு ஒப்பிட மாதிரி தரக்கூடிய தாய்மார் வயது முதிர்ந்து ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்குத் தேவையானது எஃப்.டி.ஏ. அட்டை, அதாவது டி.என்.ஏ.யைக் கெடாமல் காக்கும் இரசாயனம் ஊட்டிய காகித அட்டை. விரல் நுனியில் குத்தி, வட்டத்துக்குள் இரத்தத் துளி விட்டு, நிழலில் காயவைத்து, காகித உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் உறைபெட்டி இல்லாமலே வருடக்கணக்காக இருக்கும். முதலில் எதற்காக எடுக்கிறோம், எங்கே வைப்போம், யார் பார்க்கலாம், விருப்பமில்லை என்றால் எப்போது திருப்பிக் கேட்கலாம் என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அட்டையை இரண்டாக எடுத்து ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்க வேண்டும். அடுத்த திட்ட முன்மொழிவு எழுதுபவர் இயந்திரத்துக்கு முன்னால் இந்த வரியைச் சேர்க்கட்டும். கடைவாய்ப் பல் இன்னும் பல காலம் மண்ணுக்குள் கிடக்கும், சம்பூரில் இன்று எழுபத்தெட்டு வயதான ஒரு தாய்க்கு அவ்வளவு காலம் இல்லை.